ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன், பதினொரு மாதம் ஆனது

"மேடம், நம்ம லைப்ரரி சைட்ல இருக்கிற பழைய மாணவர் இதழ் எல்லாத்தையும் மொத்தமா டேட்டாவா தர முடியுமா? அடுத்த செமஸ்டர்ல பிள்ளைங்களுக்கு அதை வச்சு ஒரு பாடம் எடுக்கலாம்னு இருக்கேன்." வரலாற்றுத் துறையிலிருந்து ஓர் இளம் பேராசிரியர் வந்து இப்படிக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "ஒரு வாரத்துல தந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம்தான் ஏற்கெனவே ஸ்கேன் ஆகி இணையத்தில் இருக்கிறதே, ஒரு பெட்டியில் போட்டுக் கொடுப்பதற்கு என்ன வேலை இருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் பதினொரு மாதமாக நீண்டது. நடுவில் நான்கு மாதம் செய்த வேலையை அப்படியே தூக்கிப் போட வேண்டியிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் இதே வேலை யார் தலையிலாவது விழுந்தால், நான் விழுந்த குழிகளிலாவது அவர் விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டிஜிட்டல் பிரிவில் நான் ஒருத்திதான். தொகுப்பில் 12,310 உருப்படிகள். மாணவர்கள் நாற்பது ஆண்டுகள் நடத்திய இதழ்கள், நிகழ்ச்சிப் புகைப்படங்கள், பழைய மாணவர்களையும் ஊழியர்களையும் பேசவைத்து எடுத்த 86 ஒலிப்பதிவுகள் என்று எல்லாம் கலந்தது. பக்கக் கணக்கில் 61,000 வரும். ஏழு ஆண்டுகளாக இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஓர் இதழைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்கலாம். அதைத்தான் நாங்கள் 'திறந்த அணுக்கம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்குச் செய்த ஏற்பாடு வேறு, 61,000 பக்கத்தையும் ஒரே மூச்சில் கணினி படித்து எண்ணுவதற்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு வேறு. இந்த வித்தியாசம் எனக்கு முதல் நாள் தெரிந்திருந்தால் பேராசிரியருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

முதலில் எங்கள் களஞ்சியத்திலிருந்து, அதாவது இந்த உருப்படிகளை இணையத்தில் வைத்திருக்கும் மென்பொருளிலிருந்து, விவரங்களை மொத்தமாக வெளியே எடுத்தேன். பெரும்பாலான பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் பதிவுகளின் விவரங்களை வேறு கணினிகள் மொத்தமாகக் கேட்டு வாங்குவதற்கு ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற நெறிமுறை இருக்கும். 2002-ல் வந்த அதன் 2.0 பதிப்புதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வழியாகக் கேட்டால் தலைப்பு, ஆக்கியோன், தேதி, வகை என்று டப்ளின் கோர் என்ற பொது அமைப்பின் 15 புலங்களில் மெட்டாடேட்டா, அதாவது உருப்படியைப் பற்றிய விவரம், வந்துவிடும். வந்தது. ஆனால் பேராசிரியர் கேட்டது பக்கங்களில் உள்ள உரை. அது இந்த வழியில் வரவே வராது. இது முதல் அடி. இரண்டாவது அடி இன்னும் மோசம். இந்த நெறிமுறை எல்லாப் பதிவையும் ஒரே தடவையில் தராது. ஒரு கட்டுத் தந்துவிட்டு, அடுத்த கட்டைக் கேட்பதற்கு ஒரு தொடர்ச்சிக் குறியீடு தரும். அந்தக் குறியீட்டுக்கு ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்ததும் என் நிரல் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தேன், ஆயிரக்கணக்கில் வரிசைகள் இருந்தன, முடிந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கையில் இருந்தது 9,400 பதிவுகள்தான் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஏதோ ஒரு புகைப்படத்தைத் தேடி, அது இல்லை என்று கண்டுபிடித்ததால். எதை எங்கிருந்து எடுத்தாலும் இத்தனை இருக்க வேண்டும், இத்தனை வந்திருக்கிறது என்று இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு நிமிட வேலை இது. எனக்கு இருபது நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. விடுபட்ட பதிவுகளையும் சேர்த்து, சர்வரிலிருந்து உரைக் கோப்புகளையும் எடுத்து, எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை வடிவில் ஒரே கோப்பாக்கினேன். சில தலைப்புகளில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. திருத்தலாம் என்று அதை எக்செல் போன்ற ஒரு விரிதாளில் திறந்தேன், திருத்தினேன், சேமித்தேன். இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். பிறகு ஒருநாள் ஒரு பதிவை அதன் படத்தோடு ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. 00417 என்ற அடையாள எண் 417 ஆகியிருந்தது. முன்னால் இருந்த பூஜ்யங்களை விரிதாள் விழுங்கிவிட்டது. சரி, அது போகட்டும், பூஜ்யத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாம். அட்டவணையில் இதழ் எண்கள் மேலிருந்து கீழாக வரும் பத்தியைப் பார்த்தேன். இரண்டு இதழ்களைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்டால் '3-4' என்று போடுவார்கள். அதை விரிதாள் ஒரு தேதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சில இடத்தில் மார்ச் 4, சில இடத்தில் ஏப்ரல் 3. அதற்கும் மேலாக, நான் பயன்படுத்திய விரிதாளில் ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துக்குறிகளுக்கு மேல் நிற்காது. ஒரு முழு இதழின் உரை அதைவிடப் பல மடங்கு பெரியது. நீளமான இதழ்கள் எல்லாம் பாதியில் அறுந்துபோயிருந்தன. நான் சேமித்த ஒவ்வொரு தடவையும் அறுந்த கோப்பின் மேலேயே சேமித்திருக்கிறேன். மூலப் பிரதி வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மாலை அலுவலகத்தில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு வாரத் திருத்தம் போனதோடு, அதற்கு முன் செய்ததையும் மீண்டும் எடுக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற குழுவே 2020-ல் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போல் தோன்றிய பெயர்களை விரிதாள்கள் தேதியாக மாற்றி ஆய்வுக் கட்டுரைகளுக்குள் பிழையைப் புகுத்திக்கொண்டே இருந்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். நமக்கு இதில் செய்யக் கூடியது மூன்று. களஞ்சியத்திலிருந்து எடுத்த முதல் கோப்பைத் தனி ஃபோல்டரில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். அதன்மேல் கை வைக்கவே வைக்காதீர்கள். திருத்தங்களை ஓப்பன்ரிஃபைன் போன்ற கருவியில் செய்யுங்கள். அது செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக நினைவில் வைத்திருக்கும், பின்னோக்கிப் போகலாம், அதே படிகளை இன்னொரு கோப்பின்மேல் ஓட்டலாம். உரையை அட்டவணைக்குள் திணிக்காதீர்கள். பக்கத்துக்கு ஓர் உரைக் கோப்பு, அட்டவணையில் அந்தக் கோப்பின் பெயர் மட்டும். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர வேறெதுவும் வேண்டாம். தமிழில் அழகாகப் பெயர் வைத்த என் கோப்புகள், சுருக்கி அனுப்பி இன்னொருவர் விரித்தபோது வெறும் கேள்விக்குறிகளாக நின்றன.

இனி உரைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எங்கள் பக்கங்களில் பாதி ஓசிஆர் வழியாக, அதாவது பக்கத்தின் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கி, வந்த உரை. மீதி வெவ்வேறு காலங்களில் ஆள் வைத்துத் தட்டச்சு செய்தது. தளத்தில் தேடினால் ஏதோ கிடைக்கிறது என்பதால் அதன் தரத்தை யாரும் பார்த்ததில்லை. பேராசிரியருக்கு மாதிரிக்காகக் கொஞ்சம் அனுப்பியிருந்தேன். அவர் 'தொழில்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மியாவா வரும்?" என்று கேட்டார். படத்தில் பார்க்கிறேன், சொல் இருக்கிறது. உரையில் பார்க்கிறேன், இருக்கிறது. தேடினால் வரவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒரு காலத்தில் ஒரு விசைப்பலகையில் அடித்தவர்கள் ஒருவிதமாகவும், வேறு மென்பொருளில் அடித்தவர்கள் இன்னொரு விதமாகவும் அடித்திருக்கிறார்கள். எல்லா உரையையும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்மைக்குக் கொண்டுவந்ததும் 1,140 ஆக இருந்த எண்ணிக்கை 1,910 ஆனது. நிரலில் ஒரே ஒரு வரி. அதைச் செய்யாமல் வகுப்பில் கொடுத்திருந்தால், 'தொழில்' பற்றி அந்தக் காலத்து மாணவர்கள் குறைவாகவே எழுதினார்கள் என்று யாராவது கட்டுரை எழுதியிருப்பார்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு 'ள' என்ற எழுத்தையே அடித்துவைத்த இடங்களை அந்தச் சீர்மை சரிசெய்யாது என்பதையும் கவனியுங்கள். அதைத் தனியாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஓசிஆர் பிழை வேறு சங்கதி. துணைக்காலையும் 'ர'வையும் மாற்றிப் படிக்கும். 'காலம்' என்பது 'கரலம்' ஆகும். இரண்டு பத்தியாக அச்சடித்த பக்கத்தைக் குறுக்காக ஒரே வரியாகப் படித்துவிடும். அரசியல் கட்டுரையின் பாதி வாக்கியமும் விளையாட்டுச் செய்தியின் பாதி வாக்கியமும் சேர்ந்து ஒரு வாக்கியமாக நிற்கும். 98 சதவீதம் துல்லியம் என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். பக்கத்துக்கு 2,000 எழுத்து என்றால் 40 பிழை. ஆறு எழுத்துள்ள சொற்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று தவறாக இருக்கும். ஓசிஆர், தட்டச்சு என்று எல்லாவற்றையும் கையால் திருத்திவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து ஒன்றரை மாதம் செலவழித்தேன். முடிந்தது 700 பக்கம். மீதியைக் கணக்குப் போட்டால் பத்து ஆண்டுக்கு மேல் வந்தது. அப்போதுதான் கையை எடுத்தேன். பிழையுள்ள உரையையே வெளியிடலாம். அதில் எவ்வளவு பிழை என்பதைச் சொல்லிவிட்டால் போதும். நான் இப்போது செய்திருப்பது இதுதான்: எந்தப் பக்கம் ஓசிஆர், எது தட்டச்சு, எது கையால் சரிபார்த்தது என்று ஒரு பத்தி. ஓசிஆர் கருவியே பக்கத்துக்குப் பக்கம் தருகிற நம்பக மதிப்பெண் ஒரு பத்தி. கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒரு பத்தி. கையால் திருத்திய 700 பக்கம் வீணாகவில்லை. அதைத் தனியாக வைத்திருப்பதால், கருவி எவ்வளவு தவறு செய்கிறது என்று அளந்துபார்க்க ஒரு உரைகல்லாகிவிட்டது. அவற்றை எல்லாக் காலத்திலிருந்தும் கலந்து எடுத்திருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும். நான் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டே போய்விட்டேன்.

தேதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சுமார் 1960', '1962?', 'அறுபதுகள்', 'பொங்கல் மலர்' என்று பட்டியலாளர்கள் உண்மையாகவே எழுதிவைத்ததை, நான் கணினிக்காக வெறும் 1960, 1962 என்று மாற்றிவிட்டேன். அவர்களுடைய சந்தேகத்தை அழித்து, இல்லாத உறுதியைச் சேர்த்திருக்கிறேன். இதற்கென்றே இடிடிஎஃப் என்று ஒரு முறை இருக்கிறது. 2019-ல் ஐஎஸ்ஓ 8601-இன் இரண்டாம் பகுதிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். உறுதியில்லாத ஆண்டுக்கு 1962?, தோராயமான ஆண்டுக்கு 1962~ என்று எழுதலாம். மூலத்தில் இருந்த வாசகத்துக்கு ஒரு பத்தி, கணினிக்கு ஒரு பத்தி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது மாதம் உரை ஓரளவு தேறிவிட்டது. இனி வெளியிட வேண்டியதுதான் என்று இருந்தபோது, உரிமைப் படிவத்தில் ஒரு கட்டம் என்னை நிறுத்தியது: "இந்தத் தரவை வெளியிடும் உரிமை யாரிடம் உள்ளது?" இதழை அச்சிட்டது மாணவர் மன்றம், காகிதம் எங்கள் நூலகத்தில் இருக்கிறது, ஆகவே பல்கலைக்கழகத்துடையது என்று அதுவரை நினைத்திருந்தேன். காகிதம் நம்முடையது என்பதால் அதில் உள்ள கதையும் கவிதையும் நம்முடையது ஆகிவிடாது. எழுதியவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் சட்ட ஆலோசகரைப் பாருங்கள், ஆனால் முதல் மாதமே பாருங்கள். உரிமை தெளிவில்லாத உருப்படிகளுக்கு என்ன குறி போடுவது என்று தவிப்பவர்களுக்காக 2016-ல் தொடங்கிய ரைட்ஸ்ஸ்டேட்மெண்ட்ஸ் தளத்தில் 12 ஆயத்த வாசகங்கள் இருக்கின்றன. மெட்டாடேட்டாவை மட்டும் சிசி0 என்று எந்தத் தடையுமில்லாமல் திறந்துவிடலாம், உள்ளடக்கத்துக்கு உருப்படிக்கு ஏற்றபடி வேறு குறி போடலாம். மொத்தத் தொகுப்புக்கும் ஒரே உரிமம் என்று ஒட்டுவது வேகமான வழிதான், தவறான வழியும் அதுதான். பதிப்புரிமைக் காலம் முடியாத இதழ்களுக்கு ஹாத்திடிரஸ்ட் நூலகக் கூட்டமைப்பு செய்கிற முறையைப் பின்பற்றினேன். ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கையை மட்டும் தருவது. அதை வைத்து யாரும் கட்டுரையைப் படித்துவிட முடியாது. ஆனால் ஒரு சொல் எந்த ஆண்டில் எழுந்தது, எப்போது மறைந்தது என்று ஆராய முடியும்.

ஒலிப்பதிவுகள்தான் என்னை உலுக்கியவை. 86 பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இருக்கிறது என்பதால் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. ஒரு சந்தேகத்துக்காக ஒரு படிவத்தை எடுத்துப் படித்தேன். 'நூலகத்துக்கு வரும் ஆய்வாளர்கள் கேட்கலாம்' என்று இருந்தது. மொத்தமாகத் தரவிறக்கி எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எங்கேயும் இல்லை. தொடர்பு கிடைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். விடுதிச் சமையலறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த ஒரு அம்மா எடுத்தார். "அம்மா, நீங்க அப்ப பேசினதை இப்ப எல்லாரும் டவுன்லோடு பண்ற மாதிரி போடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் ஊருக்குப் பேசலைம்மா. அன்னைக்கு எதிர்ல உக்காந்து கேட்டுச்சே ஒரு பொண்ணு, அதுகிட்டப் பேசினேன். அது அழுதுச்சு, நானும் அழுதேன். அதைப் போய் எண்ணிப் பாக்கப் போறீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. பதிவைக் கேட்டுப் பார்த்தேன். கணவரைப் பற்றி, ஒரு குழந்தையின் சாவைப் பற்றி, கூட வேலை பார்த்தவர்கள் பெயரைச் சொல்லி நிறையப் பேசியிருக்கிறார். கணினியின் கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு அது வெறும் 00086 என்ற எண்ணாக இருந்திருக்கிறது. அந்தப் பதிவை எடுத்துவிட்டேன்.

கடைசியில் 31 பேர் மனதாரச் சம்மதித்தார்கள். அவர்களுடையது மட்டும் தரவுத்தொகுப்பில் இருக்கிறது. மற்றவை நூலகத்துக்கு வந்து கேட்பதற்கு. தரவைத் தேடக் கிடைக்கும்படி, மறுபடி பயன்படும்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் ஃபேர் நெறிகள் 2016-ல் வந்தன. அந்தத் தரவு யாரைப் பற்றியதோ அந்தச் சமூகத்துக்கு அதில் நன்மையும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்று பழங்குடி மக்களின் தரவு உரிமைக்காக எழுந்த கேர் நெறிகள் 2019-ல் வந்தன. முதலாவதை மட்டும் படித்துவிட்டு வேலையில் இறங்கியது என் தவறு. பழைய ஒப்புதல் படிவங்களை எடுத்து, அதில் இருக்கும் சொற்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். இனி எடுக்கும் பதிவுகளுக்கான படிவத்தில் படிக்க, கேட்க, தரவிறக்க, கணினியால் ஆராய என்று தனித்தனிக் கட்டமாக வையுங்கள்.

ஒன்பதாவது மாதம் ஒரு வழியாக வகுப்பில் கொடுத்தோம். 6 ஜிபி ஜிப் கோப்பு. 28 மாணவர்கள் ஒரே நேரத்தில் தரவிறக்கத் தொடங்கினார்கள். மொத்தம் 168 ஜிபி. ஆய்வகத்தின் 100 மெகாபிட் இணைப்பில் அதற்கு மூன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். பாடவேளை ஐம்பது நிமிடம். பிள்ளைகள் நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், மணி அடித்துவிட்டது. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. அதே மாதம் மேகச் சேமிப்பகத்திலிருந்து ஒரு பில் வந்தது. சேமிக்க ஆகும் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டிருந்தேன். வெளியே எடுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதைக் கவனிக்கவில்லை. ஸ்கேன் செய்த மூலப் படங்களான டிஃப் கோப்புகள் முழுவதையும் அங்கே வைத்து, யாரோ இரண்டு பேர் மொத்தமாக இறக்கியிருக்கிறார்கள். ஏ4 அளவுப் பக்கத்தை 400 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்காத டிஃப் ஒன்று 46 மெகாபைட் வரும். 61,000 பக்கம் என்றால் 2.8 டெராபைட். ஸ்கேனர் பழுதுபார்க்க அந்த ஆண்டுக்கு ஒதுக்கியிருந்த பணம் முழுவதும் அந்த ஒரு பில்லில் போய்விட்டது. நிர்வாகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியபோது கை நடுங்கியது.

கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பேராசிரியருக்குப் படமே வேண்டாம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும், யூனிகோடு உரையைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுத்தாலும், மொத்த உரையும் 400 மெகாபைட்டைத் தாண்டாது, சுருக்கினால் அதில் கால் பங்குகூட வராது. 2017-ல் நூலகர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, தொகுப்புகளைத் தரவாக வெளியிடுவது பற்றி சாண்டா பார்பரா அறிக்கை என்று ஒன்றை எழுதினார்கள். 2023-ல் அதைப் புதுப்பித்து வான்கூவர் அறிக்கை வந்தது. எல்லோருக்கும் என்று செய்வது யாருக்கும் உதவாது என்பது முதல் அறிக்கையிலேயே இருக்கிறது. வகுப்பு முடிந்த மறுநாள்தான் அதைப் படித்தேன். இப்போது எங்களிடம் மூன்று அளவுகள் இருக்கின்றன. வகுப்புக்கென்று 200 பக்கம், எல்லாக் காலத்திலிருந்தும் கலந்து எடுத்தது, சில மெகாபைட்தான், பென்டிரைவில்கூடக் கொடுத்துவிடலாம். ஆய்வாளருக்கு உரையும் மெட்டாடேட்டாவும் மட்டும். படம் வேண்டும் என்பவர்களுக்கு ட்ரிபிள் ஐ எஃப் என்ற படப் பகிர்வு முறை வழியாக, எந்தப் பக்கம் வேண்டுமோ அதை மட்டும், எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில். கோப்பு ஒவ்வொன்றுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்புக் குறியீட்டை எழுதிச் சேர்த்திருக்கிறேன், இறக்கியது முழுதாக வந்ததா என்று அவர்களே பார்த்துக்கொள்ள. யாராவது 'மொத்தமாக வேண்டும்' என்று கேட்டால் முதலில் அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எதை எண்ணப் போகிறார், எந்தக் கருவியில், எத்தனை பேர், எந்த அறையில். அந்த அரை மணி நேரத்தை நான் செலவழிக்காததற்குத்தான் இவ்வளவும் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது முறை வகுப்பு நன்றாகப் போனது. ஆண்டுவாரியாக எழுதியவர்களின் பெயர்களை எடுத்து ஒரு மாணவி வரைபடம் போட்டுக் காட்டினார். 1968 முதல் 1973 வரை பெண்கள் எழுதியது ஏறக்குறைய பூஜ்யம். "அந்த ஆறு வருஷம் பெண்களை எழுத விடல போல" என்று அவர் கோபமாகவே சொன்னார், மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் மகளிர் பகுதி தனி இணைப்பாக வந்தது. தனியாக பைண்டு செய்து வேறு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்ய எடுத்தபோது அந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை. இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவுதான். பெண்கள் எழுதாத காலம் அல்ல அது, நாங்கள் அவர்களை ஸ்கேன் செய்யாத காலம். அந்த மாணவியிடம் சொன்னேன். இருவரும் போய் அலமாரியைத் திறந்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய இணைப்புகள், தூசி படிந்து, சணல் கயிற்றால் கட்டி. மேலே இருந்ததைத் திருப்பினால் முதல் பக்கத்திலேயே விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு தலையங்கம்.

தரவோடு சேர்த்து வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்பை நான் அதுவரை ஒரு சடங்காகத்தான் நினைத்திருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து மறுபடி எழுதினேன். என்ன இருக்கிறது என்பது அரைப் பக்கம். என்ன இல்லை என்பது மூன்று பக்கம் வந்தது. எந்த ஆண்டுகள் விடுபட்டன, ஏன். எந்த இதழ்களைக் கறையான் அரித்தது. எந்தப் புகைப்படங்களில் பெயர் தெரியவில்லை. பொருள் தலைப்புகளை யார், எப்போது, எந்தப் பட்டியலை வைத்துப் போட்டார்கள். எதை நாங்கள் வேண்டுமென்றே வெளியிடவில்லை, எதற்காக. உங்கள் நூலகத்தில் மூத்த ஊழியர் யாராவது ஓய்வுபெறும் நிலையில் இருந்தால், மென்பொருள் பற்றிய யோசனையை ஒத்திவைத்துவிட்டு, முதலில் அவரை உட்காரவைத்துப் பேசவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் அலமாரி அவருக்குத்தான் தெரியும்.

இப்போது தொகுப்பு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணோடு பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்றில் இருக்கிறது. ஸெனோடோ போன்ற இடங்களில் பதிவு ஒன்றுக்குப் பொதுவாக 50 ஜிபி வரை இடம் தருகிறார்கள், உரைக்கு அது தாராளம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ, எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒன்று என்று இரண்டும் கிடைக்கும். கட்டுரை எழுதுபவரிடம் தான் பயன்படுத்திய பதிப்பின் எண்ணையே குறிப்பிடச் சொல்லுங்கள். நாம் திருத்திக்கொண்டே இருப்போம், அவருடைய எண்ணிக்கைகள் பிறகு யாருக்கும் பொருந்தாமல் போய்விடக் கூடாது.

பதிப்பு 1.2-ல் மகளிர் இணைப்புகள் சேர்ந்துவிட்டன. போன வாரம் வேறொரு பல்கலைக்கழக மாணவர் எழுதியிருந்தார், 00932-ல் பன்னிரண்டாம் பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும் இடம் மாறி இருக்கின்றன என்று. அடுக்குக்குப் போய் அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். பைண்டு செய்தவரே தாளைத் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறார், ஸ்கேன் அதை அப்படியே எடுத்திருக்கிறது. படத்தின் வரிசையை மாற்றவில்லை. 'அச்சு வரிசை' என்று ஒரு பத்தியைச் சேர்த்து அதில் சரியான எண்ணைப் போட்டேன். திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டு அவருக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் 1.3-ஐ ஏற்றிவிடுவேன்.